ஓர் அஞ்சல் முகவரியும் பல கையொப்பங்களும்

ஒரே மின்னஞ்சல் முகவரியைப் பலர் பொதுவிற்கொண்டு வழங்குமிடத்து, அவருள் ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனியே மின்வழிக் கையொப்பம் பெறுமாறு யாங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவனொருவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பார் நகைக்க. ஆவணம், ஒப்பம், ஓலை, சான்று என்பன யாவும் நம் சொற்களே. அவற்றை வைத்துச் சேக்கிழார் ஒரு வழக்கையே முறைப்படி நடத்திக் காட்டியிருக்கின்றார். அன்றியும், யான் பிறந்து வளர்ந்த திருப்பூர்ப் பகுதியில் இவ்வினா நாள்தோறும் எழுவது. அதற்கு விடை பிழைத்தால் ஒரு குடும்பத்தின் வீடும் நிலமும் போகத்தக்கது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கையொப்பம் என்பது கையும் ஒப்பமும் கூடிய சொல். ஒப்பு என்னும் அடியினின்று ஒத்திருத்தல் என்னும் பொருளும் பிறக்கும்; உடன்படுதல் என்னும் பொருளும் பிறக்கும். ஆகவே ஒரு கையொப்பத்தைக் காணும்போது நாம் இரண்டு வினாக்களை எழுப்புகின்றோம். இவ்வெழுத்து இன்னாருடைய பிற எழுத்தோடு ஒத்திருக்கின்றதா என்பது ஒன்று. அவர் இதனுட் கூறிய பொருளுக்கு உடன்பட்டே இதனை இட்டனரா என்பது மற்றொன்று. முன்னையது ஆளைப் பற்றியது. பின்னையது அவருடைய மனத்தைப் பற்றியது. இவ்விரண்டும் நிறைவேறாவிடத்துக் கையொப்பம் வெறுங்கோடேயாம். இவ்வளவையும் ஒரு சொல்லுள் அடக்கிய நம் முன்னோரின் நுட்பத்தை வியவாதிருத்தல் எனக்கு இயலவில்லை.

பலருக்காக ஒருவர் எழுதும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களை அறியாதார் இலர். குடவோலையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறும் அவை 919, 921 ஆம் ஆண்டுகளில் எழுந்தவை. அவற்றின் தொடக்கத்தை வரலாற்று ஆசிரியர் பலர் எடுத்துரைப்பர். யான் காட்ட விரும்புவது முடிவை. சபைப் பெருமக்கள் பணித்ததனால் யான் எழுதினேன் என்று மத்தியஸ்தன் தன் பெயரைச் சொல்லி முடிக்கின்றான். சபையார் பலர், எழுதிய கை ஒன்று. ஆயினும் எழுதிய கை எவருடையது என்பதும், எவருடைய பணிப்பால் எழுதியது என்பதும் மறைக்கப்படவில்லை. அக்காலத்து ஆவணங்களிற் காணும் ‘இவை என் எழுத்து’ என்னும் வாய்பாடும் இத்தகையதே. எழுதத் தெரியாதார் இட்ட குறி தற்குறி எனப்பட்டது. அதற்கு எழுத்தறிந்தார் ஒருவர், இது இன்னாருடைய தற்குறி என்று அருகே எழுதிச் சான்றாவர். பிற்காலத்தே அச்சொல் கல்லாதாரை இகழும் சொல்லாய்த் தாழ்ந்தது பரிதாபமே. பெருவிரல் ரேகையும் ஒரு வாணிக ஒப்பந்தத்தின் வழியே இந்நாட்டு ஆட்சியுட் புகுந்ததென்பதும் இங்கு நினைக்கத்தக்கது. 1858 ஆம் ஆண்டில் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ராஜ்யாதர் கோனாய் என்னும் ஒப்பந்தக்காரர் பின்னர் மறுத்துரையாதிருத்தற்பொருட்டு, அவருடைய கைப்பதிவையே முறியின்மேல் வாங்கினார்.

இனிச் சேக்கிழார் காட்டிய வழக்கு. புத்தூரில் நம்பியாரூரரின் திருமணப் பந்தரில் முதிய வேதியர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓர் ஓலையைக் காட்டுகின்றார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுள் ஒன்றனால் நும் கூற்றை நிறுவுக என்று அவையத்தார் வினவ, கிழிந்தது படியோலை. மூலவோலை என்னிடத்துளது என்கின்றார் முதியவர். ஓலை விரித்துப் படிக்கப்படுகின்றது. சாட்சியாக எழுதினார் எழுத்தைத் தெரிந்தோர் தெரிந்துரைக்கின்றனர். அவ்வளவில் அமையாது, ஆரூரரின் பாட்டனார் கையெழுத்துடைய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்குகின்றனர். எழுத்து ஒத்தது, வழக்கு முடிந்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் பாடிய இவ்வழக்கில், இற்றைநாள் நீதிமன்றம் வினவும் வினாக்கள் பெரும்பாலும் அடங்கியுள்ளமை காண்க. மூலமா படியா என்பது ஒரு வினா. சாட்சி யார் என்பது ஒரு வினா. ஐயமற்ற வேறோர் எழுத்தோடு ஒத்திருக்கின்றதா என்பது ஒரு வினா. 1872 ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் 73 ஆம் பிரிவு நீதிபதிக்கு அளித்த அதிகாரமும் இவ்வொப்புநோக்குதலே. நம் பக்தி நூல்களைப் பயில்வார் அவற்றுட் பக்தியை மட்டுமே காண்டல் ஒருசார் இழப்பென்றே எனக்குத் தோன்றுகின்றது.

நிற்க. ஓலையும் போயிற்று, காகிதமும் போய்க்கொண்டிருக்கின்றது. மின்வழி வாணிகத்திற்கென ஐக்கிய நாடுகள் அவையின் வாணிகச் சட்ட ஆணையம் 1996 ஆம் ஆண்டில் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தது. அதனைத் தழுவி இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 ஆம் ஆண்டு அக்டோபர் 17 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலில் அச்சட்டம் டிஜிட்டல் கையொப்பம் ஒன்றையே ஏற்றது. அதன் இயல்பைச் சுருங்கக் கூறுவேன். ஒருவருக்கு இணைந்த இரு திறவுகோல்கள் அமையும். ஒன்று அவரிடமே மறைவாக இருப்பது, மற்றொன்று உலகறிய வெளியிடப்படுவது. ஆவணத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த ஒரு சுருக்க எண்ணை மறைதிறவுகோலாற் பூட்டுவதே கையொப்பமிடல். பொதுத்திறவுகோலால் அது திறக்குமாயின் பூட்டியவர் அவரே என்று துணியலாம். ஆவணத்தில் ஓரெழுத்து மாறினும் சுருக்க எண் மாறிவிடுமாதலின், பிற்செருகல் உடனே வெளிப்படும். இன்ன திறவுகோல் இன்னாருடையது என்று சான்றளிப்பார் உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனத்தார். அவர்க்கெல்லாம் மேலே அரசாங்கத்தின் கட்டுப்பாட்டு அதிகாரி உளர்.

பின்னர் 2008 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், 2009 அக்டோபர் 27 முதல், மின் கையொப்பம் என்னும் விரிந்த வகையைப் புகுத்தியது. அதன் 3-ஏ பிரிவு நம்பத்தக்க மின் கையொப்பத்திற்குக் கூறும் இலக்கணம் நம் பொருளுக்கு உயிர்நாடி போன்றது. கையொப்பமிடப் பயன்படும் தரவு, அது வழங்கும் சூழலில், இட்டவரோடு மட்டுமே தொடர்புடையதாய், பிறர் எவரோடும் தொடர்பற்றதாய் இருத்தல் வேண்டும். இடும் பொழுதில் அது அவருடைய கைக்கீழே இருத்தல் வேண்டும். பிறர் கைக்கீழ் இருத்தலாகாது. இட்டபின் நேரும் மாற்றம் கண்டுபிடிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். பிறர் எவரோடும் தொடர்பற்றது என்னும் சொற்களை வாசகர் சற்றே மனத்திற் பதித்துக்கொள்க. பலர் திறக்கும் அஞ்சற்பெட்டி அவ்விலக்கணத்தின் முன் தலைநிமிர்ந்து நிற்கவல்லதோ?

திருப்பூரில் இஃது ஏன் இத்துணைப் பெரிதும் நேர்கின்றது? நொய்யற் கரையிலுள்ள இவ்வூரின் தொழிலமைப்பை அறிந்தாரே இதனை நன்குணர்வர். அண்மை ஆண்டுகளில் 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பின்னலாடையை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் ஊர் இது. ஆயினும் ஒரே கூரையின்கீழ் நூல் புகுந்து ஆடையாய் வெளிப்போதரும் பேராலைகள் சிலவே. நூல் வாங்குவோர் ஒருவர். நிட்டிங் ஓட்டுவோர் வேறொருவர். சாயமேற்றும் டையிங் பட்டறை பிறிதொன்று. துணியின் அகலத்தையும் சுருக்கத்தையும் ஒழுங்குபடுத்தும் காம்பாக்டிங் இன்னொன்று. பிரிண்டிங், எம்பிராய்டரி, கட்டிங், பவர்டேபிள் தையல், பிசிர் வெட்டல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொன்றும் ஜாப் வொர்க் ஆகக் கைமாறிக் கைமாறிச் செல்லும். இவற்றுட் பலவும் உடன்பிறந்தார், பங்காளிகள், சம்பந்திகள் கூடி நடத்துபவை. இவ்வூரைப் பற்றி ஷரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலின் பெயரே சகோதர மூலதனம் எனப் பொருள்படுவதாம். வேளாண்குடியிற் பிறந்து, தொழிலாளராய் உழைத்து, பின் முதலாளியரான உடன்பிறந்தார் கூட்டுகளையே அவர் விரித்துரைக்கின்றார்.

இத்தகைய கூட்டில் வரவுசெலவுப் பெட்டி பொது, மோட்டார் வண்டி பொது, மின்னஞ்சலும் பொது. முகவரி கம்பெனியின் பெயரால் தொடங்கப்பட்டிருக்கும். அதைத் தொடங்கிக் கொடுத்த பையன் கம்பெனியை விட்டுச் சென்று ஆண்டுகள் பல ஆகியிருக்கும். கடவுச்சொல்லோ சுவரிலே தொங்கும் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். மூத்தவர் பார்ப்பார், இளையவர் பார்ப்பார், மெர்ச்சண்டைசர் பார்ப்பார், கணக்கெழுதுவார் பார்ப்பார், ஆடிட்டர் அலுவலகத்தாரும் ஒருமுறை பார்ப்பார். இதனைக் குறையென்று கூறுதற்கு யான் விரைகிலேன். பையரிடமிருந்து நள்ளிரவில் வரும் மடலை, விழித்திருப்பவர் எவரோ அவர் கண்டு விடையிறுத்தலால் அன்றோ ஆர்டர் கைநழுவாது நிற்கின்றது! மடல் படித்தற்குப் பொதுப்பெட்டி நன்றே. கையொப்பத்திற்கு அது நன்றோ என்பதே வினா.

மின் கையொப்பப் பணியை டாக்குசைன், அடோபி, நம் நாட்டுச் சோஹோ முதலிய நிறுவனங்கள் நடத்துகின்றன. அனுப்புவோர் ஆவணத்தை ஏற்றி, ஒப்பமிடுவோரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் குறிப்பார். ஒவ்வொருவர் முகவரிக்கும் தனித்தனி இணைப்பு ஒன்று செல்லும். அதனைத் திறந்து ஒப்பமிட்டவர், அப்பெட்டிக்கு உரியவர் என்னும் நம்பிக்கையாலேயே இன்னார் எனக் கொள்ளப்படுவார். எனவே முகவரியே இங்கு முகமாகின்றது. ஒரே முகவரி இருமுறை வருமாயின் சில பணித்தளங்கள் ஏற்க மறுக்கும். சில, பெயர் வேறாயின் ஏற்று, ஒருவர் முடித்தபின் மற்றொருவர் என வரிசையாக அனுப்பும். மறுக்குமிடத்து ஒரு தந்திரம் செய்வாருமுளர். கூகிளின் அஞ்சலில் பெயருக்குப் பின்னே கூட்டற்குறியிட்டு எச்சொல்லைச் சேர்ப்பினும் மடல் அதே பெட்டிக்கு வந்துசேரும். அவ்வாறு மூன்று முகவரிபோலத் தோன்றும் ஒரே முகவரியைக் கொடுத்து மூவர் ஒப்பத்தையும் பெற்றுவிடுவர். பொறி ஏமாறும், பொருள் மாறாது. வருகைப் பதிவின்போது ஒருவருக்காக மற்றொருவர் குரலை மாற்றி விடையிறுக்கும் கலையில் வல்ல நம் நண்பர்க்கு இதன் இயல்பை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதனால் நேரும் இடர் யாதெனின், ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் கூறுவல். உடன்பிறந்தார் மூவர் ஒரு பனியன் கம்பெனி நடத்துகின்றனர். மூத்தவரின் மனைவியாரும் ஏட்டளவில் ஒரு பங்காளி. நடப்பு மூலதனக் கடனை உயர்த்தும்பொருட்டு, நால்வரும் தனிப்பட்ட முறையில் ஈடுநிற்கும் பிணையம் எழுதித்தர வேண்டும் என்று கடன் தருவோர் கேட்கின்றனர். நான்கு இணைப்புகளும் ஒரே பெட்டிக்கு வருகின்றன. மூத்தவர் கோவைக்குச் சென்றுள்ளார், நடுவிலுள்ளவர் டையிங் பட்டறையில் நிறம் பார்க்கின்றார், அண்ணியார் வீட்டிலுள்ளார். இளையவர் நாற்காலியில் அமர்ந்து நான்கையும் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகின்றார். தீய எண்ணம் சிறிதுமில்லை. எல்லாரும் வாய்மொழியாக உடன்பட்டதே என்பது அவர் கருத்து. அண்ணியாரிடம் மட்டும் எவரும் கேட்கவில்லை.

ஆர்டர் உள்ளளவும் இது வெளிப்படாது. ஆர்டர் நின்று கடன் தவணை தவறிய நாளில் வெளிப்படும். 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128 ஆம் பிரிவின்படி, வேறு பேச்சு இல்லையாயின், பிணைநின்றாரின் பொறுப்பு கடன்பட்டாரின் பொறுப்பளவு விரிந்தது. அண்ணியாரின் தாய்வீட்டு நிலமும் அதனுள் அகப்படும். யான் ஒப்பமிட்டிலேன் என்று அவர் மன்றத்தில் உரைப்பார். கடன் தந்தார் தம் பதிவேட்டை நீட்டுவர். அதில் இன்ன நாள், இன்ன மணி, இன்ன முகவரி, இன்ன இணைய எண் என்று நான்கு வரிகள் இருக்கும். நான்கும் ஒரே முகவரி, ஒரே கணிப்பொறி, மூன்று நிமிட இடைவெளி. இப்பதிவு கடன் தந்தாருக்கும் உதவாது; அண்ணியாருக்கும் முற்ற உதவாது. உண்மையாகவே உடன்பட்ட நடுவிலவரும் நாளை, யானும் இட்டிலேன் என்று மறுத்தற்கு அது வழி திறந்துவிடுகின்றது. பொதுப்பெட்டியின் பெருங்கேடு இதுவேயாம்: பொய்யர்க்கும் மெய்யர்க்கும் ஒரே முகம் அமைத்துவிடுதல்.

சட்டம் இவ்வையத்தை முன்னரே கண்டுள்ளது. மின்மடலைப் பற்றி இந்தியச் சான்றுச் சட்டத்தின் 88-ஏ பிரிவு கூறியது மிகவும் கூரியது. அனுப்புவோர் தம் கணிப்பொறியிற் புகுத்திய செய்தியே பெறுவோர்க்கு வந்தது என்று மன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். ஆயின் அதனை அனுப்பிய ஆள் இன்னார் என்று எவ்வகை அனுமானமும் செய்தலாகாது என்றது. அஃதாவது, மடல் இன்ன பெட்டியிலிருந்து வந்தது என்பது வேறு. அதனை எழுதிய கை இன்னாருடையது என்பது வேறு. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமம் வந்துள்ளது. மின் பதிவேடுகளை மன்றத்திற் காட்டுதற்குப் பழைய 65-பி பிரிவு கேட்ட சான்றிதழை அதன் 63 ஆம் பிரிவு கேட்கின்றது. சான்றிதழ் இன்றியமையாதது என்பதை உச்சநீதிமன்றம் 2014 ஆம் ஆண்டின் அன்வர் வழக்கிலும், 2020 ஆம் ஆண்டின் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் வலியுறுத்தியது. ஆனால் சான்றிதழ் பதிவேட்டின் மெய்ம்மையைக் காட்டுமேயன்றி, விரல் எவருடையது என்பதைக் காட்டாது.

அற்றேல், பொதுமுகவரியிலிருந்து செய்யும் ஒப்பந்தம் யாவும் பயனிலவோ எனின், அற்றன்று. ஈண்டுப் பலரும் மயங்குவர். எத்தனை கை வேண்டும் என்பதை முதலில் வினவாமல், எத்தனை ஒப்பம் பெறலாம் என்று தொடங்குதலே மயக்கத்திற்குக் காரணம். 1932 ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி, கூட்டாளி ஒவ்வொருவரும் கூட்டின் தொழிலைப் பொறுத்தமட்டில் அக்கூட்டின் முகவர். வழக்கமான தொழிலிற் கூட்டின் பெயரால் ஒருவர் செய்தது கூட்டினைக் கட்டும். ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரை ஏற்றல், துணியின் ஜி.எஸ்.எம். அளவை உறுதிசெய்தல், ஏற்றுமதி நாளை மாற்றுதல் முதலியவற்றிற்கு மூவர் ஒப்பமும் வேண்டுவதில்லை, ஒருவரது போதும். மடல்களின் பரிமாற்றத்தாலேயே ஒப்பந்தம் முற்றுப்பெறும் என்பதை 2010 ஆம் ஆண்டில் டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இவ்விடங்களில் உத்திரமேரூர் மத்தியஸ்தன்போல் ஒருவர் தம் பெயரைச் சொல்லி, கம்பெனிக்காக என்று எழுதி ஒப்பமிடுதலே முறை. மூன்று ஒப்பம் கேட்டு வீண் இடர்ப்பாட்டை விளைத்தல் தகாது.

அதே சட்டத்தின் 19 ஆம் பிரிவு, மாறான வழக்கமோ உடன்பாடோ இல்லாதபோது, ஒரு கூட்டாளி தனித்துச் செய்யலாகாதவற்றையும் எண்ணியுரைக்கின்றது. வழக்கை நடுவர் தீர்ப்புக்கு விடுதல், கூட்டின் உரிமையை விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்தல், அதன் அசையாச் சொத்தைக் கைமாற்றல், கூட்டின் வங்கிக் கணக்கைத் தம் பெயரில் தொடங்கல் முதலியன அவை. இவற்றோடு தனிப்பட்ட பிணையம், கூட்டிலிருந்து விலகும் முறி, பங்கு மாற்றும் முறி என்பவற்றையும் சேர்த்துக்கொள்க. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மனத்தின் உடன்பாட்டை நாடுவன. இங்குத்தான் பொதுமுகவரி நச்சுத்தன்மை பெறுகின்றது. உயில், அறக்கட்டளை முறி என்பவற்றிற்கோ தகவல் தொழில்நுட்பச் சட்டமே பொருந்தாது; அதன் முதல் அட்டவணை அவற்றை விலக்கியுள்ளது. அவற்றிற்கு இன்றும் மையும் காகிதமுமே.

இனித் தீர்வுகள். தனித்தனி முகவரி தொடங்குவது எல்லாவற்றினும் எளிது. கம்பெனிக்குச் சொந்தப் பெயரில் இணையப்பெயர் இருப்பின், கூட்டாளி ஒவ்வொருவர்க்கும் ஒரு பெட்டி அமைத்தல் அரைநாள் வேலை. பையருக்குரிய மடல்கள் பொதுப்பெட்டிக்கே வரட்டும். கையொப்ப இணைப்புகள் மட்டும் தனிப்பெட்டிக்குச் செல்லட்டும். ஆனால் தனிப்பெட்டியின் கடவுச்சொல்லையும் காலண்டரில் எழுதுவாராயின் அதனாற் பயனொன்றும் இல்லை.

முகவரி ஒன்றாகவே இருப்பினும், ஒவ்வொருவர் கைபேசிக்கும் ஒருமுறைக் கடவெண் அனுப்பி, அதனைப் புகுத்தினாலன்றி ஆவணம் திறவாதபடி செய்தல் பெரும்பாலான பணித்தளங்களில் இயல்வதே. அப்போது மடல் வரும் வாயில் பொது. உள்ளே புகும் திறவுகோல் தனி. திருப்பூர்க்கு ஏற்ற நடுவழி இதுவென்பது என் கருத்து. நால்வரும் ஓரிடத்துக் கூடுவராயின், ஒரே கருவியை ஒருவர் பொறுப்பில் வைத்து, கைமாற்றி ஒப்பமிடும் நேர்முக முறையும் உண்டு. பொறுப்பாளர் அங்கே சாட்சியாவர். அயலார் காட்சி மீண்டும் உயிர்பெறுகின்றது.

இவற்றினும் வலியது ஆதார் வழி மின் கையொப்பம். 2015 ஆம் ஆண்டில் அரசாங்கம் இதனை ஏற்றது. இதற்கு மின்னஞ்சல் அடிப்படையன்று. ஆதார் எண்ணுக்குரியார் கடவெண்ணாலோ விரல்ரேகையாலோ தம்மை இன்னாரென்று நாட்டியபின், அவ்வொரு முறைக்கே பயன்படும் திறவுகோலும் அவர் பெயரிற் சான்றிதழும் பிறக்கும். ஆயினும் ஈண்டும் ஒரு பொத்தல் உளது. பல குடும்பங்களில் தந்தை, தாய், பிள்ளைகள் அனைவர் ஆதாரிலும் ஒரே கைபேசி எண் பதியப்பெற்றிருக்கும். விதியும் அதனைத் தடுப்பதில்லை. அவ்வாறாயின் நான்கு கடவெண்களும் ஒரே கைபேசிக்கு வரும். முகவரியில் விட்ட வழு கைபேசியில் வந்து நிற்கும். பதிவேடோ முன்னையினும் கெட்டது. ஏனெனில் இம்முறை அண்ணியாரின் பெயரில் அரசாங்கம் ஏற்ற சான்றிதழே எழுந்துநிற்கின்றதன்றோ? மறுத்துரைத்தல் முன்னையினும் அரிதாகும். ஆகவே ஆதாரிற் பதிந்த எண் தம்முடையதுதானா என்று ஒவ்வொருவரும் முதலில் பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஐயமுள்ளவிடத்து விரல்ரேகை முறையை நாடலாம்.

யு.எஸ்.பி. டோக்கன் என்னும் சிறு கருவியிற் பொதிந்த டிஜிட்டல் கையொப்பம் மற்றொன்று. 2021 ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வழங்குதல் நின்று, மூன்றாம் வகுப்பே நடைபெறுகின்றது. இதுவும் முகவரியைச் சாராது, கருவியையும் அதன் இரகசிய எண்ணையும் சார்ந்தது. சட்டத்தின் 42 ஆம் பிரிவு, மறைதிறவுகோலைத் தம் கைக்கீழேயே வைத்துக் காத்தல் அதற்குரியார் கடமை என்கின்றது. நடைமுறையிலோ, பல கூட்டாளிகளின் டோக்கன்கள் ரப்பர் வளையத்தாற் கட்டப்பெற்று, இரகசிய எண் மேலே ஒட்டப்பெற்று, எங்கேனும் ஒரு மேசையிழுப்பறையில் உறங்கும். இன்னொருவர் மின் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ வஞ்சனையாகப் பயன்படுத்துவார்க்கு 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும், ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதை அவ்விழுப்பறைக்கு உரியார் ஒருமுறை படித்துக்கொள்வது நலம்.

கூட்டாளிகளைப் பற்றியே இதுகாறும் கூறினேன். தொழிலாளரைப் பற்றியும் ஒரு சொல். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கித் தைக்கும் தொழிலாளர் பலர்க்கு மின்னஞ்சல் என்பதே இல்லை. பணிநியமன முறியிலும் விதிகளை ஏற்ற முறியிலும் மின்வழி ஒப்பம் கேட்கப்பெறுமாயின், மேற்பார்வையாளர் தம் முகவரியையே அறுபது பேருக்கும் கொடுத்துவிடுதல் எளிது. ஐரோப்பியப் பையர்கள் கேட்கும் தணிக்கையில் அறுபது ஒப்பமும் ஒழுங்காய்த் தோன்றும். கூலியின் அளவும் மிகைநேர ஊதியமும் எழுதப்பட்ட முறியை அவ்வறுபதின்மரும் தம் மொழியிற் படித்தனரா என்பதை அப்பதிவேடு சொல்லாது. அவர்க்குக் காகிதத்தில், அவர் மொழியில், படித்துக் காட்டிப் பெறும் பெருவிரற் பதிவே நேர்மையுடையதென்பேன். தற்குறிக்கு அருகே படித்துக் காட்டியவர் பெயர் எழுதிய பழைய வழக்கத்தில் நாகரிகக் குறைவு ஒன்றும் இல்லை.

பையர் நாட்டுச் சட்டமும் ஒரு சிறிது அறியற்பாலது. அமெரிக்காவின் 2000 ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பமிடும் எண்ணத்தோடு செய்த எந்த மின்குறியையும் பெரும்பாலும் ஏற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டு விதியோ சாதாரணம், மேம்பட்டது, தகுதிபெற்றது என மூன்று படிகளை வகுத்து, மூன்றாவதற்கே கையால் இட்ட ஒப்பத்தின் முழுமதிப்பை அளிக்கின்றது. ஆகவே ஐரோப்பியப் பையர் மேம்பட்டதைக் கேட்குமிடத்துப் பொதுமுகவரிக்கு வந்த இணைப்பைத் தட்டியதனோடு அமைதல் சாலாது.

இவையெல்லாம் செய்தற்கு இப்போதைக்கு இயலாத சிறு ஜாப் வொர்க் பட்டறைக்கு யாது வழி? ஒரு காகித முறி உளது. கூட்டாளிகள் யாவரும் ஒருநாள் கூடியிருந்து மையால் ஒப்பமிட்டு, சாட்சி இருவர் கையெழுத்தும் பெற்று வைக்கத்தக்கது. கம்பெனியின் மின்னஞ்சல் முகவரி இன்னது; அதிலிருந்து ஆர்டர்களை ஏற்று ஒப்பமிடும் அதிகாரம் இன்னாருக்கு இவ்வளவு ரூபாய் வரை உண்டு; கடன், பிணையம், சொத்து, விலகல் பற்றிய முறிகளுக்கு இம்முகவரி வழிவந்த ஒப்பம் செல்லாது; அவற்றிற்கு ஒவ்வொருவர்க்கும் கடவெண் அனுப்பவேண்டிய கைபேசி எண்கள் இவை என்று அதில் எழுதி, படியொன்றை வங்கிக்கும் படியொன்றைப் பையிங் ஹவுஸுக்கும் அனுப்பிவிடலாம். கூட்டிலிருந்து ஒருவர் நீங்கினும் புதியவர் சேரினும் முறி புதிதாய் எழுதப்பெறும். அண்ணியாரின் பெயருக்கு நேரே அவர்தம் எண்ணே எழுதப்படுக; கணவர் எண்ணன்று, கொழுந்தனார் எண்ணன்று, பள்ளியிற் படிக்கும் மகன் விளையாடும் கைபேசியின் எண்ணுமன்று.